உடற்பயிற்சிப் பாடத்தில் ஆடல்

(பழைய மாணவன் ஒருவன்)

கல்வி என்ற சொல்லைக் கேட்டதும் ஏடும் எழுத்தும் பரீட்சையுமே நம் நினைவில் எழுகின்றன. உடலும் கல்வி பெறுதற்குரியது என்பதை நம் பாடசாலைகள் நேரசூசியில் ஒப்புக்கொள்கின்றன. நடைமுறையிலோ பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. உடலைப் பேணுதலை ஞானநெறிக்குப் புறம்பானதெனக் கருதாத திருமூலர் மரபில் வந்த நமக்கு இம்மறதி அழகன்று.

இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவர் ஒவ்வொருவரும் தம் இளமைக்காலத்து உடற்பயிற்சிப் பாடமொன்றை நினைவுகூர்வாராக. மணி அடிக்கும், மைதானத்துக்கு ஓடுவோம். கெட்டிக்காரர் இருவர் அணித்தலைவராவர். அவர்கள் ஒருவர்பின் ஒருவராக ஆட்களைத் தெரிந்தெடுப்பர். இருபத்திரண்டு பேர் ஒரு பந்தின் பின்னே ஓடுவர். எஞ்சியோர் எங்கே? வேப்பமரத்தின் கீழ். யானும் அம்மரத்தடியில் இருந்தவர்களுள் ஒருவன். பின்னாளில் ஆசிரியனாகி, வேறோர் ஊர்ப் பாடசாலையில், ஆளில்லாக் குறையால் உடற்பயிற்சிப் பாடமும் என் தலையில் விழுந்தபோது, அம்மரத்தடி அங்கும் என்முன் வந்து நின்றது. அதனை வெறுமையாக்கும் வழிகளைத் தேடியதிற் கண்டதொன்றே இக்கட்டுரையின் பொருள். அவ்வழி ஆடல்.

டிறில் முதல் ஆடல் வரை

பாடசாலைகளில் உடற்பயிற்சி என்பது நெடுங்காலம் 'டிறில்' என்ற பெயரால் வழங்கியது. அதன் வரலாறு சுருக்கமாக அறியத்தக்கது. சுவீடன் நாட்டினரான பெர் ஹென்றிக் லிங் என்பவர் 1813ஆம் ஆண்டில் ஸ்டொக்ஹோம் நகரில் உடற்பயிற்சி நிலையமொன்றை நிறுவினார். கை, கால், முதுகு, வயிறு என உறுப்புத்தோறும் வகுத்து, ஆசிரியரின் கட்டளைக்கேற்ப யாவரும் ஒருங்கே செய்யும் பயிற்சி முறை அவருடையது. அம்முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் பாடசாலைகளிற் புகுந்தது; ஆங்கில ஆட்சியின் வழியே நம் நாட்டை எட்டியது. வரிசையாக நிற்றல், கையை மேலே, பக்கத்தே, கீழே எனக் கட்டளைப்படி அசைத்தல் ஆகியவற்றை நம் தந்தையர் நன்கறிவர்.

டிறிலில் ஒரு நன்மை உண்டு, யாவரும் பங்குகொள்வர். ஒரு குறையும் உண்டு, உள்ளம் பங்குகொள்வதில்லை. பின்னர் விளையாட்டுக்கள் அதன் இடத்தைப் பிடித்தன. விளையாட்டில் உள்ளம் பங்குகொள்கின்றது. ஆயின் யாவரும் பங்குகொள்வதில்லை. யாவரையும் உட்படுத்தி, உள்ளத்தையும் ஈர்ப்பது யாது என்ற வினாவுக்கு மேனாட்டார் சிலர் கண்ட விடை ஆடல் என்பதே. சுவிற்சர்லாந்தின் இசையாசிரியர் எமில் ஜாக் டால்குறோஸ் (1865–1950), தாளத்தைக் காதால் மட்டுமன்றி உடலாலும் கற்கவேண்டுமென்று கொண்டு ஒரு பயிற்சி முறையை வகுத்தார். ஹங்கேரிக் குடும்பத்திற் பிறந்த றுடொல்ஃப் லாபன் (1879–1958) 1938இல் இங்கிலாந்துக்கு வந்து, அசைவை விசை, வெளி, காலம், ஓட்டம் என நான்காகப் பகுத்து நோக்கினார். கல்வியில் ஆடல் பற்றி அவர் எழுதிய நூல் 1948இல் வெளிவந்தது. அதன்பின் ஆங்கிலப் பாடசாலைகளில் ஆடல் உடற்கல்வியின் ஓர் அங்கமாகப் பரவியது.

கிழக்கிலும் இவ்வுணர்வு எழாமலில்லை. இரவீந்திரநாத் தாகூர் 1919இல் சிலெற் நகருக்குச் சென்றபோது மணிப்புரி ஆடலைக் கண்டு மகிழ்ந்தார். திரிபுரா மன்னரின் உதவியால் மணிப்புரி ஆசானொருவரைச் சாந்திநிகேதனத்துக்கு வரவழைத்து, மிருதங்க ஒலிக்கேற்ப மாணவரை ஆடப் பயிற்றினார். அதே காலத்தில், 1920ஆம் ஆண்டிற் சென்னையில், ஹரி குறோ பக் என்பவரால் வை. எம். சீ. ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பெற்றது. இலங்கையிலிருந்து அங்கு சென்று பயின்று மீண்ட ஆசிரியர் பலர் நம் பாடசாலைகளிற் பணியாற்றியுள்ளனர்.

பந்தில்லாத நாள்

நூல்களிற் படித்தவற்றை விடுத்து, கண்டதொன்றைக் கூறுகின்றேன். கார்த்திகை மாதத்து மழை. மைதானம் குளமாயிற்று. நாற்பது மாணவரை மண்டபத்தினுள் அடைத்துவைத்து யாது செய்வதென்று அறியாது நின்றேன். அவ்வகுப்பு மாணவனொருவனின் தந்தையார் அண்ணாவியார், தொழிலால் விவசாயி, வடமோடிக் கூத்துப் பழக்குவதில் ஊரில் மதிப்புள்ளவர். மகனை அழைத்துப்போக வந்து, மழைக்கு ஒதுங்கி மண்டபத் திண்ணையில் நின்றார். உள்ளே வந்து பிள்ளைகளுக்கு நாலடி ஆடிக்காட்டுமாறு வேண்டினேன். மத்தளம் இல்லை. வாங்குப் பலகையே மத்தளமாயிற்று.

மாணவர் முதலிற் சிரித்தனர். அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. "தம்பியவை, காலைத் தூக்க முதல் காதைக் குடுங்கோ," என்றார். தாளத்தைக் கையால் தட்டச் செய்தார். பின்னர் இருந்தபடியே பாதத்தால் தட்டச் செய்தார். அதன் பின்னரே எழுந்து மிதிக்கச் செய்தார். பத்து நிமிடத்திற் சிரிப்பு அடங்கியது. கால்மணி நேரத்தில் நாற்பது பேருக்கும் வியர்த்தது.

அன்று யான் கண்ட காட்சிகள் இரண்டு. உதைபந்தாட்ட அணியின் தலைவன், மைதானத்திற் புலிபோற் பாய்பவன், ஐந்தெண்ணும் தாளத்தில் மீண்டும் மீண்டும் தடுமாறினான். வாரந்தோறும் "வயிற்றுநோ" என்று தாயாரிடம் கடிதம் வாங்கி வந்து மரத்தடியில் ஒதுங்கும் பருத்த உடலினனான மாணவனொருவன், முதன்முறையிலேயே அதனைப் பிடித்துக்கொண்டான். அணித்தலைவன் அவனிடம் சென்று, "எப்பிடியடா செய்யிறாய்? திருப்பிக் காட்டு," என்று கேட்டதை என் காதாற் கேட்டேன். அடுத்த வாரம் வயிற்றுநோக் கடிதம் வரவில்லை.

ஆடல் உடலுக்குச் செய்வது

இதனை ஒரு நாள் வியப்பென்று தள்ளிவிடலாகாது. ஆடல் உடலுக்கு ஆற்றும் பணியை முறையாக ஆராய்தல் வேண்டும்.

ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் இதயம் விரைந்து துடிக்குமாறு உடலை இயக்கவேண்டும் என்றும், தசையையும் எலும்பையும் உறுதியாக்கும் பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாளேனும் செய்யவேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகின்றது. 146 நாடுகளின் 2016ஆம் ஆண்டுவரையான தரவுகளை ஆராய்ந்தோர், 11 முதல் 17 வயதுவரையான பாடசாலைப் பிள்ளைகளில் நூற்றுக்கு 81 பேர் இந்த அளவை எட்டவில்லை என்று கண்டனர். மரத்தடி நம் ஊரில் மட்டும் உள்ளதன்று.

ஆடல் இவ்வளவை எட்ட உதவுவது எங்ஙனம்? நம் தாளமுறையிலேயே அதற்கு விடையுண்டு. ஒரே சொற்கட்டை முதற்காலத்தில் ஆடும்போது அடிகள் ஆறுதலாக விழும். இரண்டாங்காலத்தில் அதே நேரத்துள் அடிகள் இருமடங்காகும், மூன்றாங்காலத்தில் நான்மடங்காகும். எனவே ஆசிரியர் காலத்தை ஏற்றியும் இறக்கியும் உழைப்பின் அளவைத் தம் கையில் வைத்திருக்கலாம். சிறிது நேரம் கடுமையாகவும் சிறிது நேரம் மெதுவாகவும் மாறி மாறி உழைத்தல், மூச்சையும் இதயத்தையும் பலப்படுத்தும் என்பது இக்காலப் பயிற்சியாளர் யாவரும் ஒப்புவது. அண்ணாவிமார் அதனைக் காலம் என்ற பெயரால் அறிந்திருந்தனர்.

உழைப்பின் அளவை அறிதலும் எளிது. மணிக்கட்டில் விரலை வைத்து 10 விநாடிக்கு நாடியை எண்ணி ஆறாற் பெருக்கின், ஒரு நிமிடத் துடிப்புக் கிடைக்கும். 220 என்ற எண்ணிலிருந்து வயதைக் கழித்தால் வருவது அவ்வயதினரின் உச்சத் துடிப்பெனத் தோராயமாகக் கொள்ளப்படும். பதினான்கு வயது மாணவனுக்கு அது 206. அதன் மூன்றில் இரண்டு பங்கான 137 அளவில் நாடி துடிக்குமாயின் அவன் நன்றாக உழைக்கின்றான் என்க. மாணவர் தம் நாடியைத் தாமே எண்ணும்போது உடற்பயிற்சிப் பாடம் விஞ்ஞான பாடமும் ஆகின்றது.

குத்துமிதியும் பாய்ச்சலும் நிலத்தை மிதித்தெழுவன. வளரும் பருவத்தில் எலும்பு இத்தகைய தாக்கத்தால் உறுதி பெறும். அரைமண்டி இருத்தல் தொடைத் தசைகளை வலுவாக்கும். எட்டின் வடிவிற் சுற்றி வருதலும், சட்டென நின்று திரும்புதலும் உடற்சமநிலையைப் பயிற்றும். இவை உதைபந்தாட்டக்காரனுக்கும் கரப்பந்தாட்டக்காரனுக்கும் வேண்டியவையே. இவற்றுக்கு மேலாக, அடுத்தவன் அடியோடு தன் அடியை ஒன்றச் செய்தலும், நீண்ட சொற்கட்டை நினைவில் வைத்தலும் மனத்துக்குப் பயிற்சி. டிறிலில் ஆசிரியரின் கட்டளை வெளியேயிருந்து வருகின்றது. ஆடலிலோ தாளம் உள்ளேயிருந்து கட்டளையிடுகின்றது. வேறுபாடு அதுவே.

ஆண்மைக்கு இழுக்கா?

ஆடல் பெண்பிள்ளைகட்கே உரியது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம் என்பவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் வாய்ப்பிருந்தும், ஆண்பிள்ளைகளிற் பலர் நடனத்தின் பக்கம் திரும்பிப் பாராதது இதனாலேயே. ஆடல்வல்லானைத் தெய்வமாக வணங்கும் நாம், தில்லைத் திருநடனத்தைப் பாடிப் பரவும் நாம், இவ்வாறு எண்ணுதல் விந்தையே.

நம் மரபு கூறுவது வேறு. மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் வழங்கும் வடமோடி, தென்மோடிக் கூத்துக்கள் ஆண்கள் ஆடி வளர்த்தவை. பெண்பாத்திரங்களையும் ஆண்களே ஆடினர். போர்க்கதைகளை மிகுதியாகக் கொண்ட வடமோடியில், பாரமான உடுப்பை அணிந்துகொண்டு வட்டக்களரியில் விடியுமட்டும் ஆடுதற்கு எத்துணை உடல்வலி வேண்டும்! சட்டங் கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் எனப் பல மாதம் நீளும் அப்பயிற்சி, ஓர் உடற்பயிற்சிக் கல்லூரியின் பாடத்திட்டத்துக்குக் குறைந்ததன்று. கோல் கொண்டு வட்டமாக ஆடும் வசந்தன் மட்டக்களப்புக் கண்ணகியம்மன் கோயில்களோடு இணைந்து வளர்ந்தது. அதன் பாடல்களைத் தி. சதாசிவ ஐயர் தொகுத்து 1940இல் நூலாக வெளியிட்டார். கண்டி நடனமும் மரபில் ஆண்களுடையதே.

ஆங்கிலக் கல்வி ஓங்கிய காலத்திற் கற்றோர் கூத்தை நாட்டுப்புறத்தார் களியாட்டென்று ஒதுக்கினர். அவ்வெண்ணத்தை மாற்றியவருள் முதன்மையானவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவர் மாணவரைக் கொண்டு 1962இற் கர்ணன் போரையும், 1964இல் இராவணேசனையும் மேடையேற்றினார். விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, ஆட்டத்தின் வலிமை குன்றாமல் அமைத்தார். பட்டம் பெற வந்த இளைஞர் அண்ணாவியாரிடம் தாளம் பயின்றது அக்காலத்திற் பெரும் புதுமை. பிற்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதலாவது துணைவேந்தராக விளங்கியவரும் அவரே.

மேனாட்டிலும் இதே தடை இருந்தது. அமெரிக்க நாட்டு ஆடலாசிரியர் ரெட் ஷோன், உடற்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கும் ஸ்பிறிங்ஃபீல்ட் கல்லூரியில் ஆண்மாணவர்க்கு ஆடல் கற்பித்தார். கூடைப்பந்தாட்டம் 1891இற் பிறந்ததும், சென்னைக் கல்லூரியை நிறுவிய பக் பயின்றதும் அக்கல்லூரியிலேயே. எள்ளி நகையாட வந்த மாணவர், ஆடல் தம் விளையாட்டிலும் கடிதென உணர்ந்தனர். 1933இல் ஷோன் ஆண்கள் மட்டுமே கொண்ட ஆடற்குழுவை அமைத்தபோது, அக்கல்லூரி விளையாட்டு வீரர் சிலர் அதிற் சேர்ந்து நாடெங்கும் ஆடினர்; 1940 வரை அக்குழு நிலைத்தது.

நாற்பது நிமிடப் பாடம்

இனி, இதனைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர்க்குச் சில சொல்வேன். யான் ஆடல் வல்லவனல்லேன்; தாளம் தவறாமற் கைதட்டத் தெரிந்தவன் மட்டுமே. அவ்வளவே போதுமென்பது என் அனுபவம்.

பாடத்தின் முதல் ஐந்து நிமிடம் வட்டமாக நடத்தலும் மெல்ல ஓடுதலும். அடுத்த ஐந்து நிமிடம் தாளம்: கைதட்டி எண்ணுதல். மூன்று, நான்கு, ஐந்து, ஏழு என்ற எண்ணிக்கைகளைத் 'தகிட', 'தகதிமி', 'தகதகிட', 'தகிடதகதிமி' என்று வாயாற் சொல்லப் பழக்கல் நன்று. சொல் வாயிலிருந்தால் அடி காலில் வரும். பின்னர்ப் பத்து நிமிடம் ஒரு புதிய அடி மட்டும் கற்பிக்கவேண்டும். இரண்டு கற்பித்தல் பேராசை. அடுத்த பதினைந்து நிமிடம் கற்றவற்றைக் கோத்து, காலம் ஏற்றியும் இறக்கியும் யாவரும் சேர்ந்து ஆடல். இறுதி ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து, தசைகளை நீட்டித் தளர்த்தி, நாடி எண்ணி முடித்தல்.

கீழ்வகுப்புகட்குக் கும்மியும் கோலாட்டமும் ஏற்றவை. கோலாட்டத்திற் கோல் கையிலிருப்பதால் கூச்சம் மறைந்துவிடும். கண் கோலை நோக்க, கால் தானே ஆடும். நடுவகுப்புகட்குப் பின்னற் கோலாட்டம் சிறந்தது. கயிறு பின்னும்போது ஒருவன் தவறினாற் பின்னல் சிக்கும். ஆகவே கெட்டிக்காரன் மந்தமானவனுக்குக் கற்பிக்க நேரும், பரிகாசத்துக்கு இடமில்லை. மேல்வகுப்புகட்குக் கூத்தின் அடிகளைக் கொடுக்கலாம். நான்கைந்து பேராகப் பிரித்து, கற்ற அடிகளைக் கொண்டு தாமே ஓர் ஆட்டத்தை அமைக்கச் சொன்னால், அவர்களின் கற்பனை ஆசிரியனைத் தலைகுனியச் செய்யும். ஊரில் அண்ணாவியாரிருப்பின் அவரை அழைத்தல் வேண்டும். அழைத்தால் ஆசிரியர் இருக்கையிலே இருத்தி, ஆசிரியர்க்குரிய மரியாதை செய்தல் வேண்டும். மாணவர் அதனையும் கற்பர்.

காவல்களும் சில உள. சீமெந்துத் தரையில் நெடுநேரம் குத்துமிதி ஆடலாகாது, முழங்கால் நோகும். மணற்பாங்கான நிலமே நன்று. வெறுங்காலுடன் ஆடுமுன் நெருஞ்சி முள்ளும் கல்லும் இல்லாதவாறு நிலத்தைக் கூட்டவேண்டும். பாய்ந்து இறங்கும்போது முன்பாதம் முதலில் நிலம்பட, முழங்கால் வளைந்து ஏற்கவேண்டும். அரைமண்டியில் முழங்கால் பாதவிரல்களின் திசையிலேயே வளையவேண்டும். உள்நோக்கிச் சாய விடலாகாது. நண்பகல் வெயிலில் ஆடலாகாது, தண்ணீர் அருகிலிருக்கவேண்டும். இழுப்பு நோயுடையோரும் இதயக் குறையுடையோரும் வைத்தியர் சொற்படி நடத்தல் வேண்டும். அவர்கள் தாளம் சொல்வோராய் வட்டத்துள்ளேயே இருக்கலாம். வட்டத்துக்கு வெளியே ஒருவரும் இருக்கலாகாது.

என் தவறு

இக்கடைசி விதியை யான் கற்றது என் தவறொன்றினாலேயே. மேற்கூறிய வகுப்பு ஆறு மாதம் ஆடிப் பழகிய பின், பரிசளிப்பு விழாவில் ஆடிக்காட்டும்படி கேட்கப்பட்டது. மகிழ்ச்சியால் மதிமயங்கினேன். நாற்பது பேரிற் சிறந்த பன்னிருவரைத் தெரிந்தெடுத்து, உடற்பயிற்சிப் பாட நேரத்தில் அவர்களை மட்டும் பழக்கலானேன். மற்றையோர் பார்த்திருந்தனர். இரண்டாம் வாரம், வயிற்றுநோக் கடிதத்தை நிறுத்தியிருந்த அம்மாணவன் அருகே வந்து, "சேர், அப்ப நாங்கள் பழையபடி மரத்தடியிலையோ?" என்று கேட்டான். குறையாகச் சொல்லவில்லை, அறிந்துகொள்ளவே கேட்டான். அவன் தாளத்தில் முதல்வன். உடலமைப்பு மேடைக்கு ஏற்றதன்று என்று யான் எண்ணியதே அவனை விலக்கியதன் காரணம்.

அவ்வினாவுக்கு என்னிடம் விடையில்லை. மறுநாள் நாற்பது பேரையும் சேர்த்தேன். மேடை போதவில்லை, மைதானத்தில் ஆடினோம். அடிகள் சில இடத்திற் பிசகின. பிரதம விருந்தினர் கவனித்தாரோ அறியேன். அவனே நடுவில் நின்று தாளஞ் சொன்னான்.

மேடைக்கான ஆடல் வேறு, உடற்பயிற்சிப் பாடத்துக்கான ஆடல் வேறு என்பதை அன்று உணர்ந்தேன். மேடை சிறந்தோரைத் தேடுகின்றது. அது கலையின் நியாயம். பாடசாலை யாவரையும் தேடவேண்டும்; அது கல்வியின் நியாயம். ஆடலைப் பாடத்திற் புகுத்தியபின் அதனையும் போட்டியாக்கி, புள்ளியிட்டு, அணி தெரிந்தெடுத்தால், பந்து செய்த பிழையையே ஆடலும் செய்யும். விளையாட்டை ஒழிக்கவேண்டுமென்று யான் கூறவில்லை. கிரிக்கெற்றும் உதைபந்தாட்டமும் நம் கல்லூரிக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தவை, அவை வாழ்க. வாரத்திற் சில பாடங்களில் ஒன்றையேனும் ஆடலுக்கு அளித்தால், அணியில் இடம்பெறாத பெருந்தொகையினருக்கும் தம் உடல் தமக்கு நண்பன் என்ற உணர்வு பிறக்கும் என்பதே என் வேண்டுகோள். பள்ளிக்காலத்தில் உடலை வெறுக்கக் கற்றவன் முதுமைவரை அவ்வெறுப்பைச் சுமப்பான். மருத்துவமனைகளின் நீரிழிவுப் பிரிவுகளிற் காத்திருக்கும் நம் தலைமுறையினரிற் பலர் ஒருகாலத்து மரத்தடியினரே என்று எண்ண எனக்கு இடமுண்டு.

விழாக் கொண்டாடும் இவ்வேளையிற் பழைய மாணவர் கல்லூரிக்குக் கட்டடமும் பந்தும் வலையும் வழங்க முன்வருவர். அவற்றோடு ஒரு மத்தளமும், நாற்பது சோடிக் கோலும், ஓர் அண்ணாவியாரின் வேதனமும் சேருமாயின் செலவு பெரிதாகாது. வேப்பமரம் நிழல் தரட்டும். அதன்கீழ் இருப்போர் ஆடிக் களைத்து இளைப்பாற வந்தோராக இருக்கட்டும்.